டி.வி.யில் பச்சை, ஜன்னலில் பொட்டல்!

கோவையிலிருந்து பொள்ளாச்சி, பழநி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகிற பஸ். பக்கத்து ஸீட்டில் சென்னை ஆபீஸ் நண்பர். திண்டுக்கல் தாண்டியும் டி.வி.யில் 'தேவர் மகன்' ஓடிக்கொண்டிருந்தது.

"தெற்கத்தி கிராமம்னா இதுதான் சார்! என்னா பச்சை! உங்க சமயநல்லூரும் இப்படித்தானே?"

"ரோட்டை விட்டு உள்ளே போனா இப்படித்தான்" என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

அத்தனையும் பொய்! 1992-ல் வந்த அந்தப் படத்தைப் பெரும்பாலும் எடுத்தது பொள்ளாச்சிப் பக்கத்தில். நிஜப் பொள்ளாச்சி ஜன்னலில் வந்தபோது நண்பர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். '16 வயதினிலே' (1977) கிராமம் இன்னும் தூரம்... கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம்! சினிமாவுக்கு எங்கள் பேச்சு வேண்டும், மீசை வேண்டும், அரிவாள் கட்டாயம் வேண்டும். மண் மட்டும் ஆகாது.

வாடிப்பட்டி போய் சமயநல்லூர் வந்தது. கோடைக்காலம். கருவேல மரம், பிளாட் கல், வரிசையாக லாரி. நண்பர் டி.வி.யைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

எங்களுக்கும் பச்சை உண்டு ஐயா! 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வருகிறது. அதை வாய்க்காலில் திறந்துவிட்டால் இந்தப் பக்கமெல்லாம் நெல்தான். திறக்கிற வரைக்கும் பொட்டல். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, பொள்ளாச்சியை இரவல் வாங்கினேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது.

பிராயச்சித்தமாக மறுநாள் பக்கத்திலுள்ள தேனூருக்குக் கூட்டிப் போனேன். வைகையில் வெறும் மணல். நண்பர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்து, "ஒண்ணுமே இல்லையே சார்" என்று நிறுத்திவிட்டார்.

டீக்கடைப் பெரியவருக்குச் சுருக்கென்றது. "தம்பி, அழகர் ஆத்துல இறங்குனது முதல்ல இங்கதான். திருமலை நாயக்கர்தான் மீனாட்சி கல்யாணத்தோட சேர்த்து மதுரைக்குக் கொண்டு போயிட்டாரு. வண்டியூர்ல இன்னைக்கும் தேனூர் மண்டபம்னுதான் பேரு, போய்ப் பாருங்க!"

17-ம் நூற்றாண்டு சங்கதி. வழிவழியாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

"அப்ப லொக்கேஷனை மாத்துனது சினிமாக்காரங்க மட்டும் இல்லையா?" என்றார் நண்பர்.

"சாமிக்கே மாத்திப்புட்டாங்க. ஆத்துக்கு என்ன தம்பி கெதி?"

நண்பர் மறுபடி செல்போனை எடுத்தார். "ஐயா, அதையே ஆத்தைப் பார்த்துக்கிட்டு இன்னொரு தடவை சொல்றீங்களா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டார்.

"இருங்க தம்பி... சட்டை போட்டுட்டு வந்துடறேன்."