திரும்பி வந்த கதைகள்



என் முதலாவது சிறுகதையை 2013ஆம் ஆண்டு எழுதினேன். சமூகவியல் படித்து முடித்து, திருகோணமலையில் சமூகசேவையாளராக வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல அப்போதும் கிளிவெட்டி முகாமில்தான் இருந்தன. பகலில் அங்குள்ள பெண்களுடன் இருப்பேன். இரவில் உட்துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள என் அறையில் கொப்பியில் எழுதுவேன்.

முதற் கதையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டாவது கதை, நான் முத்திரை ஒட்டி வைத்த உறையிலேயே திரும்பி வந்தது. மூன்றாவது கதையுடன் மட்டும் ஆசிரியர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். உணர்ச்சி அதிகம், வாழ்க்கை குறைவு என்றிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. முகாமைக் காணாத ஒருவர் எனக்கு வாழ்க்கையைச் சொல்லித்தருவதா? கொப்பியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

சில மாதங்களின் பின், எங்கள் பெண்கள் குழுவிலிருந்த அக்கா ஒருவருக்கு அந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். யுத்தத்தில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் அவர்.

“என்ன பிள்ளை, இந்தக் கதையில வாற மனிசி அழுதுகொண்டே இருக்கிறா. நாங்கள் அழுத நேரம் கொஞ்சம். தண்ணி பவுசருக்கு வரிசையில நிண்ட நேரம்தான் கூட” என்றார்.

அன்றுதான் ஆசிரியரின் குறிப்பு எனக்கு விளங்கியது.

பவுசரடியில் ஒரு வாளிக்காக நடந்த சண்டையை அக்காவே சொன்னார். என்னை நம்பிச் சொன்னதை எழுதலாமா என்று தயங்கி, அவரிடமே கேட்டேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் எழுதலாம் என்றார். அதை நான்கு தடவை திருத்தி எழுதினேன். இரண்டு இடங்களில் அதுவும் பிரசுரமாகவில்லை.

அந்தக் காலத்தில் எனக்குத் துணையாக இருந்தவர் எங்கள் திருகோணமலை எழுத்தாளர் ந. பாலேஸ்வரி. நேரில் அல்ல, நூல்கள் வழியாகத்தான். ஆசிரியையாக வேலை செய்துகொண்டே எழுதியவர். 1966இல் ‘சுடர்விளக்கு’ நாவலை வெளியிட்டார். பின்னர் பத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, 2014இல் மறைந்தார். நம் ஊரில், வேலையும் வீடும் பார்த்த ஒரு பெண்ணால் இது முடிந்திருக்கிறது.

தமிழ்நாட்டின் சல்மாவுக்கு வீடே தடையாக இருந்தது. வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து எழுதியவர் அவர். அவரின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் 2004இல் வெளிவந்தது. ஹரி பொட்டர் கதையை எழுதிய ரௌலிங், அரச உதவிப் பணத்தில் கைக்குழந்தையைத் தனியே வளர்த்தவர். ஏறத்தாழ 12 பதிப்பகங்கள் மறுத்த பிறகே, 1997இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது.

மூன்றாவதாக அனுப்பிய இடத்தில், ஒரு பத்திரிகையின் வாரமலரில், என் கதை வந்தது. பணம் எதுவும் தரவில்லை. பத்திரிகையை அக்காவிடம் கொண்டு போனேன். எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார்.

“கதை நல்லம். ஆனால் முடிவு பிழை. நான் அவளிட்டை மன்னிப்புக் கேக்கேல்லை, பிள்ளை.”

இருவரும் நெடுநேரம் சிரித்தோம். இப்போதும் எதை எழுதினாலும் அந்த முடிவு என் நினைவுக்கு வரும். அழகுக்காக ஒருவரை மன்னிப்புக் கேட்க வைக்கக் கூடாது.

சகோதரிகளே, உங்களிடமும் கதைகள் இருக்கின்றன. கண்ட ஒரு சம்பவத்தை, பேசுகிற மொழியிலேயே எழுதுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். திரும்பி வந்தால் ஒரு கிழமை பொறுத்து, இன்னொருவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். திருப்பி அனுப்பப்பட்டது கடதாசிதான். நீங்கள் பட்டதும் கண்டதும் உங்களிடமே இருக்கின்றன.