பிளே-ஆஃபை எதை வைத்துக் கணிப்பது?

ஐபிஎல் பிளே-ஆஃப் வந்துவிட்டால் குமணன்சாவடி டீக்கடையில் ஒரே கேள்விதான்: "கடைசியா எத்தனை மேட்ச் ஜெயிச்சாங்க?"

2024-ஐ நினைத்துப் பாருங்கள். தொடர்ந்து 6 வெற்றி, அதில் கடைசியாக நம்ம சிஎஸ்கேவையே வெளியே அனுப்பிவிட்டு வந்தது ஆர்சிபி. எலிமினேட்டரில் யாரிடம் தோற்றது? வரிசையாக 4 தோல்வி கண்டு வந்த ராஜஸ்தானிடம்!

கோப்பையைத் தூக்கியது கொல்கத்தா. லீக் முடிவில் +1.428 நெட் ரன் ரேட்டுடன் முதலிடத்தில் இருந்த அணி. சேப்பாக்கம் ஃபைனலில் ஹைதராபாத்தை 113 ரன்னுக்குச் சுருட்டியது.

ஓவருக்கு எடுத்த ரன்னில் கொடுத்த ரன்னைக் கழித்தால் நெட் ரன் ரேட். சீசன் முழுக்க ஆடிய ஆட்டம் அதில் தெரியும். ஆனால் ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை.

அதனால் தம்பிகளா, கணக்குப் போடுங்க, வாதாடுங்க. பந்தயம் மட்டும் கட்டாதீங்க.