பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

அறுவைச் சிகிச்சைக் குறிப்பில், "பித்தக்குழாய் முனையில் ரத்த ஓட்டம் நன்று" என்று எழுதினேன். அது பொய்.

கல்லீரல் மாற்று சிகிச்சை. அண்ணனுக்குத் தம்பி தன் வலப்பக்க ஈரலைக் கொடுத்திருந்தார். கெட்டுப்போன ஈரலை எடுக்கும்போது அண்ணனின் பித்தக்குழாயைப் பிரித்தவன் நான். கை சுத்தம் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெருமையில், குழாயை ஒட்டியிருந்த மெல்லிய திசுவை வாழைத்தண்டு உரிப்பதுபோல் உரித்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. தமனி குறைந்தாலும் ஈரல் செல்கள் ஓரளவு சமாளிக்கும். பித்தக்குழாய்க்குத் தமனி ஒன்றே கதி. ஈரலுக்கு வெளியே அந்தக் குழாய்க்குக் கிடைக்கும் ரத்தத்தில் சுமார் 60% கீழிருந்து, அதன் இரு ஓரங்களையும் ஒட்டி ஏறும் நுண்தமனிகளில் வருவதாக நார்த்தோவர், டெர்பிளாஞ்ச் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் காட்டினார்கள். குழாயை மேலே வெட்டியபின், முனை பிழைப்பது கீழிருந்து ஏறும் அந்த ரத்தத்தால்தான். நான் உரித்தது அந்த நுண்தமனிகளை. தெரியாமல் அல்ல.

புது ஈரலின் குழாயோடு தைக்கும் முன் முனையைச் சற்றே கத்தரித்துப் பார்ப்போம். சிவப்பாகக் கசிய வேண்டும். கசியவில்லை, வெளுத்திருந்தது. இன்னும் வெட்டினால் நீளம் போதாது; சிறுகுடலை மேலே கொண்டுவந்து இணைக்க வேண்டும். விடியப்போகிற நேரம். தைத்துவிட்டேன்.

சில மாதங்களில் அண்ணனுக்குக் காமாலை, தூங்கவிடாத அரிப்பு. இணைத்த இடத்தில் குழாய் சுருங்கியிருந்தது. குழாயின் உள்தோல் சேதமானால், சுவரிலுள்ள சுரப்பிகளிலிருந்து புதிதாக வளரும். ஆனால் அந்தச் சுரப்பிகளும் தமனி ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன. அது கிடைக்காத இடத்தில் தழும்புதான் மிஞ்சும். ஸ்டென்ட் வைத்து, மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

"ஈரல் நல்லா வளந்துடுச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் ஏன்?" என்றார் அவர் மனைவி. "சிலருக்கு இப்படி ஆகும்மா" என்று மழுப்பினேன். சுருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இளம் மருத்துவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்வேன், "ஒரு கேஸில்" என்று. யார் செய்தது என்று சொன்னதில்லை.

அந்த வீட்டிலோ தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: தம்பி ஈரல் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசோதனைக்கு வந்த தம்பி, "என் ஈரல்லதான் ஏதும் கோளாறா டாக்டர்?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லப்பா" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஈரலில் ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்குக் கொடுத்ததும் தன்னிடம் மிச்சமிருந்ததும், இரண்டுமே முதல் சில மாதங்களில் வேண்டிய அளவு வளர்ந்துவிட்டன. கோளாறு அண்ணனின் குழாயில். செய்தது என் கை. இதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், குறிப்பையும் திருத்த வேண்டும். இங்கே எழுதிவிட்டதால் அந்தக் கடன் தீர்ந்ததாகாது.