காகித மாலை

முகூர்த்த நாளுக்கு முந்தின தினம் திருச்சி காந்தி மார்க்கெட்டில் மல்லிகைப்பூ விலையைக் கேட்டுப் பார்த்த அன்பர்களுக்கு, வைராக்கியம் என்றால் என்னவென்று நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் அது தானாகவே உண்டாகிவிடும். ஆயினும், நம் இல்லத்தில் காகிதப் பூவினால் மாலை கட்டும் யோசனை பிறந்ததற்கு விலை காரணமன்று.

சென்ற தை மாதத்தில் காலமான நம் தாயாரின் படத்துக்குத் தினந்தோறும் பூச்சரம் சாத்தி வந்தோம். இன்று சாத்திய மல்லிகை நாளைக்குப் பழுப்பேறித் தொங்கும். அதை அகற்ற வேண்டிய வேளையில் வீட்டில் உள்ளவர்கள் அனைவருக்கும் வேறு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அனைவருக்கும் தெரிந்திருந்தது. "காகிதத்தில் மாலை கட்டினால் என்ன?" என்று தங்கைதான் கேட்டாள்.

அத்தைக்கு மகா கோபம். "தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்து ரங்கநாதருக்கு மாலை கட்டின ஊரடா இது! ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குக் காகிதப் பூவா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் மாலை என்றால் மலர்தான் என்பது நம் நாட்டில் என்றுமே கட்டாயமாக இருந்ததில்லை. நீரில் வளரும் நெட்டித் தண்டைச் சீவிச் சாயமேற்றிக் கட்டிய மாலையைத்தான் மாட்டுப் பொங்கலன்று காவிரிக்கரையில் மாடுகளுக்கு அணிவிக்கிறோம். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த மகானோ, மலர் மாலையைக் காட்டிலும் கையால் நூற்ற நூல் மாலையையே விரும்பினார். நூற்றவருடைய உழைப்பு அதில் இருந்தது.

இனிக் காரியத்துக்கு வருவோம். கிரேப் காகிதத்தின் சுருக்கங்கள் இதழின் நீளவாட்டில் அமையும்படி கத்தரிக்க வேண்டும். இரு கட்டைவிரல்களாலும் இதழின் நடுவை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தால் குழிவு விழும். உயிர் வந்தாற்போல் இருக்கும். ஐந்தாறு இதழ்களை மெல்லிய கம்பியைச் சுற்றி வைத்து நூலால் இறுக்க வேண்டும். இடையிடையே பச்சைக் காகித இலைகள். அடியில் ஒரு குஞ்சம். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷமாதலால் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது.

மூன்று மாலைப்பொழுதுகள் கூடத்தில் வட்டமாய் உட்கார்ந்து வேலை செய்தோம். அம்மா பூத்தொடுக்கும்போது சொன்ன கதைகளும், திட்டிய திட்டுகளும் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. அவரைப் பற்றிச் சிரித்துப் பேசியது அதுவே முதல் தடவை. மூன்றாம் நாள் அத்தையே கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, "இதழை இப்படியா வெட்டுவது?" என்று நம்மைக் கடிந்துகொண்டாள்.

இப்பொழுது படத்தில் இருப்பது அந்த மாலைதான். அமாவாசைக்கும் திதிக்கும் மட்டும் மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வருகிறது. மறுநாள் வாடின சரத்தை எடுக்கும் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.