இருபது காசுப் பிளவு ஊசி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பால் வண்டியே எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

1978-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கித்தாத் தோட்டம். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். காண்டா சுமந்து அம்மாவின் தோள் காய்த்துப் போயிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அப்பா ஒரு வேலை செய்தார். தோட்டத்தில் கழித்துப் போட்ட தள்ளுவண்டிச் சக்கரங்கள் இரண்டைக் கேட்டு வாங்கி, ஓர் இரும்புத் தண்டில் கோத்து, மேலே பலகை அடித்தார். ஐந்து கேலன் தகரங்கள் இரண்டு அதில் நிற்கும். பால் நிறைந்தால் ஏறக்குறைய 45 கிலோ!

தண்டின் இரு முனையிலும் ஒரு துளை. சக்கரத்தை மாட்டி, வட்டத் தகடு போட்டு, துளையில் பிளவு ஊசி செருகி, அதன் இரண்டு காலையும் பிரித்து வளைக்க வேண்டும். சக்கரம் கழலாமல் காப்பது அந்தச் சின்ன ஊசிதான்.

ஒரு நாள் ஓர் ஊசி துருப்பிடித்து உடைந்தது. அப்பா இருபது காசு கொடுத்து, "தம்பி, பட்டணத்துக் கடையில புதுசு வாங்கிப் பூட்டிடுப்பா" என்றார். எனக்குப் பதின்மூன்று வயது. வழியில் ஐஸ் விற்றார்கள். காசு கரைந்தது. லயத்துக்குப் பின்னால் கிடந்த ஓர் ஆணியைச் செருகி, நுனியைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் இறக்கத்தில் ஆணி நழுவியது. சக்கரம் ஓடிப் பள்ளத்தில் விழ, பால் முழுதும் மண்ணில் போயிற்று. தகரம் அம்மாவின் கால்மேல் விழுந்து பெருவிரல் நசுங்கியது. மூன்று வாரம் அம்மா வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை.

அப்பா சடக்கில் தேடி அந்த ஆணியை எடுத்து வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடிக்கவில்லை. இன்னோர் இருபது காசைக் கையில் வைத்து, "போய் வாங்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

இரும்புக் கடைச் சீனத் தவுக்கே அன்று மலாயில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். துளை 4 மில்லிமீட்டர் என்றால் 4 மில்லிமீட்டர் ஊசி என்றே கேட்க வேண்டும். துளையின் அளவே ஊசியின் அளவு. மெலிந்த ஊசி ஆடி ஆடித் தேய்ந்து அறும். ஒரு முறை வளைத்ததைக் கழற்றினால் எறிந்துவிட வேண்டும். மறுபடி வளைத்தால் அந்த மடிப்பிலேயே ஒடியும்.

துருப்பிடிக்காதே என்று பித்தளை ஊசியும் பால் வண்டிக்கு வேண்டாம். பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா, வளைத்த பித்தளையில் வெடிப்பு உண்டாக்கும். பால் உறைய ஊற்றும் பார்மிக் அமிலமோ இரும்பைத் தின்னும். ஆகவே இரும்பு ஊசியைப் போட்டு, அடிக்கடி பார்த்து, துரு கண்டதும் மாற்றுவதே வழி.

இன்று தள்ளுவண்டி போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அதன் சங்கிலி இணைப்பிலும் ஒரு சின்னக் கிளிப் உண்டு. அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். பேரன் வண்டியில் ஏறுமுன் நான் குனிந்து அதைத்தான் பார்க்கிறேன். "என்னா தாத்தா, தெனமுமா?" என்று சிரிக்கிறான்.

அம்மா காலமாகும் வரை அந்த விரலில் நகம் சரியாக வளரவில்லை. ஏன் என்று ஒரு நாளும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் இன்று நானே சொல்கிறேன்.