அப்பாவின் ஜீப்பும் சித்தப்பாவின் காரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டில் ஒரு ஜீப் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் பாட்டா தென்னந்தோப்பில் பாதியை விற்று வாங்கிய மஹிந்திரா ஜீப் அது. நான் பிறந்தது 2006-இல். ஆகவே வீட்டில் அது எனக்கு மூத்தது. அப்பாவின் அன்பிலும் அதுதான் மூத்தது என்பாள் என் தங்கை. அழகியபாண்டிபுரத்துப் பக்கமிருந்து ஏத்தன் குலையும் மட்டிக் குலையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் அப்டா சந்தைக்கு அது ஓடாத வாரம் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து நம் மாவட்டத்து வாழையை எல்லாம் ஒரே இரவில் சாய்த்துப் போட்டதே, அப்போது விழுந்த குலைகளைக் கிடைத்த விலைக்காவது விற்றுவிட வேண்டும் என்று இரவு பகலாக ஓடியது இந்த ஜீப்தான். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். பின்னால் குலைகளின் மேல் உட்கார்ந்து போனது நினைவிருக்கிறது. அப்பா அன்று வழி முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை.

சென்ற 2025 ஆகஸ்டில் சித்தப்பா துபாயை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அங்கே 14 ஆண்டுகள் டாக்ஸி ஓட்டியவர். அந்நகரத்து டாக்ஸிகளில் பெரும்பகுதி இப்போது ஹைபிரிட் கார்கள். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் வண்டிகள். வந்த பத்தாம் நாள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, ஜீப்பைக் குடுத்திட்டு ஒரு ஹைபிரிட் எடுப்போம்" என்றார். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீதானே படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு. நீ சொல்லுகதுதான் முடிவு."

நண்பர்களே, எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் கரண்ட் பில், வங்கிக் கடிதம், ஆச்சியின் மருந்துச் சீட்டு என்று எந்தத் தாள் வீட்டுக்கு வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். அவற்றையெல்லாம் வாசித்துச் சொன்னால் போதும். 20 லட்சம் ரூபாய் அப்படியா? ஏழு பேர் ஏறும் ஹைகிராஸ் 30 லட்சத்தைத் தொடும் என்று அறிந்ததும் சித்தப்பாவே அதை மறந்துவிட்டார். 2022-இல் வந்த ஐந்து பேர் வண்டிகளான கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வகையில் ஒன்றுதான் அவர் மனத்தில் இருந்தது. சாலைக்கு வந்து நிற்கும்போது 20 லட்சம். கையிலிருந்து 12, கடன் 8. ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 17,000. மின்காருக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., இந்த அளவு ஹைபிரிட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அப்படியானால் மின்காரே வாங்கலாமே என்று தங்கை கேட்டாள். சித்தப்பாவுக்கு அதில் பழக்கமில்லை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

ஹைபிரிட் வண்டியின் சூட்சுமம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். அதே மோட்டாரைச் சக்கரம் சுழற்றினால் மின்சாரம் தரும். முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று செய்கிற வேலையை இங்கே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் வேகம் செய்கிறது. சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் அந்த வேகம் முழுவதும் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்புகிறது. எஞ்சினும் வேறு மாதிரி. 1882-இல் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த சுழற்சி முறையை ஒட்டியது. இழுவை குறைவு, சிக்கனம் அதிகம். குறைகிற இழுவையை மோட்டார் ஈடு செய்யும். 1900-ஆம் ஆண்டளவிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே இப்படி ஒரு வண்டி செய்து பார்த்தாராம். தொழிற்சாலையில் பெருமளவில் செய்து விற்றது 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரையஸ்தான்.

ஆகவே கேள்வி இதுதான்: எங்கள் ஜீப் ஒரு பயணத்தில் எத்தனை முறை பிரேக் பிடிக்கிறது?

ஆச்சிக்கு இருதயக் கோளாறு. மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். (1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்துவிட்டது. ஆனால் நோய் வந்தால் நம்மில் பலருக்கு இன்னும் திருவனந்தபுரம்தான் தலைநகர்!) செப்டம்பர் மாதப் பயணத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கோடு. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். மற்ற இடங்களில் என் பென்சிலுக்கு ஓய்வே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டிப் பார்த்தேன். 75 கிலோமீட்டரில் 148 கோடுகள். வண்டி அசையாமல் எஞ்சின் மட்டும் ஓடிய நேரம் 31 நிமிடம்.

ஆளோடு சேர்த்து வண்டி இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக மணிக்கு 36 கிலோமீட்டரிலிருந்து, அதாவது வினாடிக்கு 10 மீட்டரிலிருந்து, நிற்கிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1 லட்சம் ஜூல். 148 முறைக்கு 148 லட்சம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3.6 கோடி ஜூல் உண்டு. அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது காற்பங்கு என்று கொண்டால் 90 லட்சம். ஆக, பிரேக்கில் மட்டும் போனது 1.6 லிட்டர். எங்கள் ஜீப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும். அந்தப் பயணத்துக்கு எரிந்தது 7 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகிப் போயிருக்கிறது! எழுதிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. வகுப்பில் எழுதிய சூத்திரம் முதன்முதலாக எங்கள் வீட்டுப் பணத்தைத் தொட்டது அன்றுதான்.

அடுத்த மாதம் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ஆரல்வாய்மொழி தாண்டி நான்கு வழிச் சாலை. அதே அளவு தூரத்தில் 26 கோடுகள்தான். அப்படியென்றால் சாலை நெரிசலாக இருக்கும்வரைதான் இந்தக் காரின் முழு லாபம் கிடைக்கும். களியக்காவிளைச் சாலை அகலமானால் நாட்டுக்கு நன்மை, சித்தப்பாவின் காருக்கு நட்டம்!

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில் முற்றத்தில் எல்லோரும் இருக்க நோட்டை விரித்து வாசித்தேன். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டம். டீசல் 93, பெட்ரோல் 102 என்று வைத்துக்கொண்டேன். ஜீப்புக்கு 76,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கு 51,000. மிச்சம் 25,000. இருபது லட்சத்துக்கு ஆண்டு மிச்சம் இருபத்தையாயிரம்! "எனவே இப்போது வாங்குவது பொருத்தமில்லை" என்று எழுதியிருந்ததையும் பரீட்சை விடை போலவே வாசித்தேன்.

அப்பா முதன்முறையாக வாய் திறந்தார். "ஒன்பதாயிரம் எப்படிலே வரும்? அதுல ஏழாயிரத்துச் சில்லறை சந்தைக்குப் போற ஓட்டமாக்கும். புதுக் காருக்குள்ள குலையைத் தூக்கி வைக்கவா? வாழைக்கறை பட்டா போவுமா?"

வாழைக்கறை! என் வேட்டியிலும் தங்கையின் பாவாடையிலும் அப்பாவின் எல்லாச் சட்டைகளிலும் இருக்கிற கறை. எந்தச் சோப்புக்கும் போகாதது. அது என் நோட்டில் ஓரிடத்திலும் இல்லை. புதுக் கார் ஓடப்போவது ஆஸ்பத்திரிக்கான 1,800 கிலோமீட்டர் மட்டுமே. மிச்சம் ஐயாயிரம் ரூபாய். கூடவே, குலை ஏற்ற ஜீப்பும் வேண்டும்.

சித்தப்பா கோபப்படவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. "கோடெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். பிறகு சொன்னார்: "பதினாலு வருஷம் இந்த வண்டியிலதான் ஊரு உலகத்தைக் கொண்டு எறக்கினேன் மக்கா. வெள்ளைக்காரன், அரபி, நம்ம ஊரு முதலாளி, எல்லாவனையும். பின் சீட்டுல நம்ம அம்மாவை ஒருநாள் ஏத்தினதில்ல. இந்த ஜீப்புல அவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாறது கண்ணுல நிக்கி. அதுக்கு எத்தனை ஜூலுன்னு நீ எழுதலியே."

யாரும் பேசவில்லை. ஆச்சி மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லடே, முன் சீட்டுல இருந்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜீப்பின் வில்தகடு ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்பில் எழுதும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் ஆச்சியின் பொய் அல்ல, என்னுடைய பொய்.

ஹைபிரிட்டின் ஓட்டம் லிட்டருக்கு 18 என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். கிராண்ட் விட்டாராவுக்குச் சோதனையில் கிடைத்ததாக நிறுவனம் சொல்லும் அளவு 27.97. நம் சாலையில் அது வராது, சரி. ஆனால் சித்தப்பா, "ஓட்டத் தெரிஞ்சவன் 24 எடுப்பான்" என்று முன்பே சொல்லியிருந்தார். ஆயிரக்கணக்கான நாட்கள் அந்த வண்டியை ஓட்டியவரின் அளவீடு அது. அதை விட்டு 18-ஐ நான் எடுத்தது ஏன்? 24 என்று போட்டால் மிச்சம் 25,000 அல்ல, 38,000. ஆய்வுக் கூடத்தில் விடையை முதலில் பார்த்துவிட்டு அளவீட்டை அதற்கேற்ப எழுதுகிற வித்தை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? (ஆசிரியர்கள் மன்னிக்க.) அதையே வீட்டிலும் செய்திருக்கிறேன்.

என் விடை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. பி.எஸ்ஸி. முடித்ததும் எம்.எஸ்ஸி.க்கு எங்கே வேண்டுமானாலும் சேர், செலவு என் பொறுப்பு என்று சித்தப்பா துபாயிலிருந்தே சொல்லியிருந்தார். மாதம் 17,000 தவணை கட்டுகிற வீட்டில் அந்த வாக்கு என்னாகும்? வாழைக்கறையைப் போலவே அதுவும் என் நோட்டில் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், வாழைக்கறையை நான் மறந்துபோனேன்; இதை மறைத்துவிட்டேன்.

சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அப்பாவுக்குக் காய்ச்சல், சந்தைக்குச் சித்தப்பா ஜீப்பை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். பூதப்பாண்டி தாண்டியதும் பதினெட்டையும் இருபத்துநாலையும் சொன்னேன். எம்.எஸ்ஸி. விஷயத்தையும் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வடசேரி வந்த பிறகுதான் பேசினார்: "பதினெட்டுன்னு நீ வாசிக்கும்போதே எனக்குத் தெரியும்லே. பயலுக்கு என்னமோ இருக்குன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். குலை இறக்கும்போது, "படிப்புக்குச் சொன்னது சொன்னதுதான்" என்று ஒரு வார்த்தை. நான் குலைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். அப்பாதான் ஒரு வழி சொன்னார். ஆச்சிக்கு மட்டும் மாதம் ஒரு வாடகைக் கார். போய்வர 3,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36,000. இரண்டு மாதத் தவணையைவிடச் சற்றே கூடுதல். மூன்று நாளும் மூன்று இரவும் யோசித்து அப்பா கண்ட இந்தக் கணக்குக்கு ஜூலும் தேவைப்படவில்லை, ஃபாரடேயும் தேவைப்படவில்லை. சித்தப்பா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: ஓட்டுநர் வேண்டாம், வண்டியை மட்டும் தெரிந்தவரிடம் வாங்கித் தானே ஓட்டுவார், பின் சீட்டில் ஆச்சி. காரை வாங்குவதைச் சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். சித்தப்பா அதை விட்டுவிடவில்லை. விலைப்பட்டியல் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

ஜீப்பின் பதிவை 2026 ஜனவரியில் புதுப்பித்தோம். இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 5,000-லிருந்து 10,000 ஆகிவிட்டது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

இப்போது செவ்வாய்தோறும் சந்தைக்கு ஜீப்பை ஓட்டுவது சித்தப்பா. அவருக்கு ஹைபிரிட் பழக்கம் போகவில்லை. தூரத்தில் ஆள் குறுக்கே வருவதைக் கண்டதும் காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக மெதுவாகி, பிரேக் தொடும் முன்பே பாதி வேகம் குறைந்திருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "மாட்டு வண்டியாடே ஓட்டுக?" என்று அலுத்துக்கொள்வார். சென்ற மாதம் டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். 11 ஓடிய ஜீப் 12.6 ஓடுகிறது. இந்த எண்ணை மட்டும் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.