முதல் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்?

பெங்களூரில் புதிதாக போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ தொடங்குகிறவர்கள் முதல் காசை இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடுவது வீண் என்பேன். முன்பின் தெரியாதவரின் கேமரா முன் உட்கார நம்பிக்கை வேண்டும். வேலையை நேரில் பார்த்தால்தான் அது வரும். ஜனவரியில் குமார க்ருபா சாலையில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தேவைப் பாருங்கள். ஓவியர் எதிரே ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, சுற்றி நிற்பவர்கள் தாளையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அடுத்து உட்காருபவர் அவர்களில் ஒருவர்தான். இதே ஊரில் 1910இல் தொடங்கிய ஜி.கே.வேல் போட்டோ ஸ்டுடியோவும் குடும்பம் குடும்பமாக வந்தவர்களால் நிலைத்தது.

வேலையை நேரில் காட்டுவதற்காக இலவசமாகப் படம் எடுத்தால் மதிப்புப் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகும், அதனால் இலவசம் வேண்டாம். அபார்ட்மெண்ட் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு மூலை கேளுங்கள். விலையை எழுதி மாட்டுங்கள், பிரிண்ட்டை அங்கேயே கையில் கொடுங்கள். விளம்பரத்துக்கு அதன்பின் செலவழியுங்கள்.